நிரல் குறிப்புரைக்கு ஒரு சரிபார்ப்புக் கருவி: நிறுவுவதும் நம் வகுப்புக்கு ஏற்ப அமைப்பதும்



எஸ்.பி.எம். கணினி அறிவியல் எடுக்கும் மாணவர்கள் படிவம் 4-இல் நல்ல நிரலாக்க நடைமுறைகளைப் படிக்கிறார்கள். வரிகளை உள்தள்ளி எழுதுவது, தரவு வகையைச் சரியாகத் தேர்வது, மாறிகளுக்குப் பொருள் தரும் பெயர் வைப்பது, குறிப்புரை எழுதுவது ஆகிய நான்கும் அதில் வரும். முதல் மூன்றும் நிரல் எழுதும்போதே கைக்கு வந்துவிடும். நான்காவதை மட்டும் மாணவர்கள் கடைசி நாளில் அவசரமாக ஒட்டுவார்கள். "இது கணக்கு", "இது பிரிண்ட்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

கணினி விஷயத்தில் தமிழாசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். குறிப்புரை என்பது நிரலுக்குள் இருக்கும் உரைநடை. கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும், மனிதர்தான் படிப்பார். வாக்கியம் முடிந்ததா, வினை எந்த இடத்தில் நிற்கிறது, சொன்னது உண்மையா என்று பார்ப்பது நம் வேலைதானே. அந்த வேலையில் ஒரு பகுதியைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். எந்தப் பகுதியை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

1. இந்தக் கருவி என்ன செய்யும்?

இப்படிப்பட்ட கருவிகளுக்குப் பொதுப்பெயர் லின்டர். 1978-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் சி மொழி நிரல்களைச் சோதிக்க "லின்ட்" என்ற கருவியை எழுதினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஓடுகிற நிரலிலும் ஒட்டிக் கிடக்கும் சின்னச் சின்னக் குறைகளைப் பொறுக்கி எடுப்பதால் பெயர் பொருந்திவிட்டது.

பைத்தான் மொழியில் ஒரு செயற்கூறின் தலைவரிக்குக் கீழே மூன்று இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் விளக்கத்தை டாக்ஸ்ட்ரிங் என்பார்கள். இங்கே அதை ஆவணக்குறிப்பு என்று சொல்வோம். அதை எப்படி எழுதலாம் என்ற வழிகாட்டியை 2001-இல் டேவிட் குட்ஜரும், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசமும் எழுதினார்கள். பெப் 257 என்பது அதன் பெயர். அதைச் சோதிக்க முன்பு பைடாக்ஸ்டைல் என்ற கருவி இருந்தது. அதன் பராமரிப்பு 2023-இல் நின்றுவிட்டது. அதே விதிகளை இப்போது ரஃப் என்ற கருவி எடுத்துக்கொண்டிருக்கிறது. இலவசம்தான், வேகமும் அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக ரஃப்புக்கே போகலாம்.

2. நம் ஊர் எடுத்துக்காட்டு

விளக்கத்துக்கு ஒரே நிரலை வைத்துக்கொள்வோம். ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனாலும் பால் நிறுத்த கதை தெரியாத குடும்பம் குறைவு. மரத்திலிருந்து எடுக்கும் பாலில் பெரும்பகுதி தண்ணீர். பொதுவாக 30 முதல் 40 விழுக்காடுதான் உலர் ரப்பர். இதை டி.ஆர்.சி. என்பார்கள். 24 கிலோ பால், டி.ஆர்.சி. 35 விழுக்காடு என்றால் உலர் ரப்பர் 8.4 கிலோ.

இதைக் கணக்கிடும் செயற்கூறுக்கு "டிரை_ரப்பர்" என்று பெயர் வைப்போம். "வெயிட்", "டிஆர்சி" என்று இரண்டு உள்ளீடுகள். உள்ளே ஒரே ஒரு கணக்கு: எடையை டி.ஆர்.சி.யால் பெருக்கி 100-ஆல் வகு. இதன் ஆவணக்குறிப்பு இப்படி இருக்கலாம்:

ரப்பர் பாலிலிருந்து கிடைக்கும் உலர் ரப்பரின் எடையைக் கணக்கிடு.

ஆர்க்ஸ்:
வெயிட்: பாலின் எடை, கிலோகிராமில்.
டிஆர்சி: உலர் ரப்பர் அளவு, விழுக்காட்டில். 35 விழுக்காடு என்றால் 35 என்று கொடுக்கவும்.

ரிட்டர்ன்ஸ்:
உலர் ரப்பரின் எடை, கிலோகிராமில்.

முதல் வரி சுருக்கம். அடுத்து ஒரு வெற்று வரி. பிறகு என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்ற விவரம். கட்டுரைக்கு முன்னுரை, கருத்து, முடிவு என்று வடிவம் இருக்கிற மாதிரிதான் இதுவும்.

3. நிறுவுதல்

கணினியில் பைத்தான் இருந்தால் கட்டளைச் சாளரத்தைத் திறந்து "பிப் இன்ஸ்டால் ரஃப்" என்று தட்டினால் போதும். விண்டோஸில் அது எடுபடாவிட்டால் முன்னால் "பை -எம்" சேர்த்துப் பாருங்க. பள்ளிக் கணினிக்கூடத்தில் எதையும் நிறுவ அனுமதி இல்லையென்றால் ரஃப் பிளேகிரவுண்ட் என்ற இணையப்பக்கம் இருக்கிறது. நிரலை அங்கே ஒட்டினால் அங்கேயே சோதித்துக் காட்டும்.

நிறுவிய பிறகு நிரல் இருக்கும் கோப்புறைக்குள் போய் "ரஃப் செக்" என்று தட்ட வேண்டும். குறை இருந்தால் கோப்புப் பெயர், வரி எண், விதி எண், ஒரு வரி விளக்கம் ஆகியவை வரும். விதி புரியவில்லையா? "ரஃப் ரூல்" என்று தட்டி விதி எண்ணையும் சேர்த்தால் அந்த விதி ஏன் இருக்கிறது என்று எடுத்துக்காட்டோடு விளக்கும். மாணவர்களை முதலில் பழக்க வேண்டியது இந்தக் கட்டளையைத்தான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நிறுவிய உடனே ரஃப் ஆவணக்குறிப்பைப் பார்க்காது. அதன் இயல்பு அமைப்பில் அந்த விதிகள் இல்லை. நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் ஓட்டிவிட்டு, "ஆல் செக்ஸ் பாஸ்ட்" என்று வந்ததைப் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை.

4. அமைத்தல்

நிரல் இருக்கும் கோப்புறையில் "ரஃப்.டோமல்" என்ற பெயரில் ஒரு வெறும் உரைக்கோப்பு உருவாக்குங்கள். அதில் ஐந்தே வரிகள்:

முதல் வரி: சதுர அடைப்புக்குள் "லின்ட்".
இரண்டாம் வரி: "எக்ஸ்டென்ட்-செலக்ட்", சமக்குறி, சதுர அடைப்புக்குள் மேற்கோளோடு "டி".
மூன்றாம் வரி: "இக்னோர்", சமக்குறி, சதுர அடைப்புக்குள் மேற்கோளோடு "டி100", "டி104", "டி107".
நான்காம் வரி: சதுர அடைப்புக்குள் "லின்ட்.பைடாக்ஸ்டைல்".
ஐந்தாம் வரி: "கன்வென்ஷன்", சமக்குறி, மேற்கோளோடு "கூகல்".

இரண்டாம் வரியில் வெறும் "செலக்ட்" என்று போட்டால் ரஃப் இயல்பாகப் பார்க்கும் மற்ற பிழைகள் விடுபட்டுப் போகும். "எக்ஸ்டென்ட்-செலக்ட்" என்றால் இருப்பதோடு இதையும் சேர் என்று பொருள். "டி" என்பது ஆவணக்குறிப்பு விதிகளின் குடும்பப் பெயர்.

ஐந்தாம் வரிதான் முக்கியம். "டி" குடும்பத்தில் ஒன்றுக்கொன்று முரணான விதிகளும் உண்டு. 203-ஆம் விதி வகுப்பின் ஆவணக்குறிப்புக்கு முன் ஒரு வெற்று வரி வேண்டும் என்கிறது. 211-ஆம் விதி வெற்று வரி கூடாது என்கிறது. 212, சுருக்கம் முதல் வரியிலேயே தொடங்க வேண்டும் என்கிறது. 213, இரண்டாம் வரியில் தொடங்க வேண்டும் என்கிறது. இவற்றை ஒன்றாக வைத்தால் ரஃப் எச்சரித்துவிட்டு ஜோடியில் ஒன்றைக் கைவிடும். காரணம் எளிது. இவை வெவ்வேறு மரபுகளின் விதிகள். பெப் 257, கூகல், நம்பை என்று மூன்று மரபுகளை ரஃப் அறியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவற்றுக்கு மட்டுமே உரிய விதிகள் தாமாக விலகிவிடும். நம் மாணவர்களுக்குக் கூகல் மரபு பொருந்தும். உள்ளீடு, வெளியீடு என்று தலைப்பிட்டுப் பிரிப்பதால் படிக்கச் சுலபம்.

மூன்றாம் வரியில் விலக்கியிருப்பவை கோப்பு முழுமைக்கான குறிப்பு, தொகுப்புக்கான குறிப்பு, தொடக்கச் செயற்கூறுக்கான குறிப்பு ஆகியவற்றைக் கேட்கும் விதிகள். பத்து வரி நிரல் எழுதும் மாணவனிடம் இவற்றைக் கேட்டால் முதல் நாளே சலித்துப் போவான். தொடக்கத்தில் இவற்றைக் கற்பித்தால் போதும்:

103: வெளிப்படையான ஒவ்வொரு செயற்கூறுக்கும் ஆவணக்குறிப்பு வேண்டும்.
205: சுருக்கத்துக்கும் விளக்கத்துக்கும் இடையில் ஒரு வெற்று வரி.
300: மூன்று இரட்டை மேற்கோள் குறிகளே வேண்டும்.
415: சுருக்க வரி முற்றுப்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி இவற்றில் ஒன்றோடு முடிய வேண்டும்.
417: உள்ளீட்டுப் பட்டியலில் ஒன்றும் விடுபடக் கூடாது.

"வெளிப்படையான" என்ற சொல்லைக் கவனியுங்கள். செயற்கூறின் பெயருக்கு முன்னால் ஒரு கீழ்க்கோடு போட்டால் அது உள்வேலைக்கானது என்று கருவி எடுத்துக்கொள்ளும், குறிப்பு கேட்காது. கெட்டிக்கார மாணவர்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

5. தமிழில் எழுதினால் என்ன ஆகும்?

பைத்தான் 3 இயல்பாகவே யுனிகோடு முறையில் கோப்பைப் படிக்கும். ஆகவே ஆவணக்குறிப்பைத் தமிழில் தாராளமாக எழுதலாம். தேர்வுத்தாளில் அந்தத் தாளுக்குரிய மொழியில்தான் எழுத வேண்டும். ஆனால் யோசித்துப் பழகும் கட்டத்தில், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழில் எழுதுவது விளக்கத்தைக் கூர்மையாக்கும். ஆனால் கருவி ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நான்கு இடங்களில் அது தெரியும்.

முதலாவது, ஏவல். பெப் 257 மரபில் சுருக்க வரி ஏவல் வினையில் இருக்க வேண்டும் என்று 401-ஆம் விதி சொல்கிறது. "கணக்கிடு" என்று எழுத வேண்டும், "கணக்கிடுகிறது" என்று எழுதக் கூடாது. இதைச் சோதிக்கக் கருவி முதல் சொல்லை மட்டும் பார்க்கும். ஆங்கிலத்தில் ஏவல் வினை தலையில் நிற்கும். தமிழில் வினை பயனிலையாகக் கடைசியில் நிற்கும். கருவிக்குத் தமிழ் வினைகளும் தெரியாது, பார்க்கும் இடமும் வேறு. அதனால் தமிழ் வரியைக் கண்டால் பேசாமல் போய்விடும். கூகல் மரபில் இந்த விதியே இல்லை. ஏவலிலும் எழுதலாம், விவரிப்பாகவும் எழுதலாம், ஒரு கோப்புக்குள் ஒரே மாதிரி இருந்தால் சரி. ஜாவாவில் பழக்கம் நேர்மாறு, அங்கே படர்க்கைதான் மரபு. "கணக்கிடும்" என்று எழுதினால் இலக்கணத்திலும் பொருந்தும். செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று பலர்பால் நீங்கலான படர்க்கைக்கு வரும். நிரல் அஃறிணை, ஆகவே தடையில்லை. இலக்கணப் பாடத்தில் இதையே ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டலாம்.

இரண்டாவது, பெரிய எழுத்து. முதல் சொல் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது 403-ஆம் விதி. தமிழில் அந்த வேறுபாடே கிடையாது. இங்கேயும் கருவி பேசாது.

மூன்றாவது, தலைப்புகள். இதுதான் ஆபத்தானது. "ஆர்க்ஸ்", "ரிட்டர்ன்ஸ்" என்ற ஆங்கிலத் தலைப்புகளைத்தான் கருவி அடையாளம் காணும். மாணவர் "உள்ளீடு:" என்று தமிழில் எழுதினால் அங்கே உள்ளீட்டுப் பட்டியல் இருப்பதே அதற்குத் தெரியாது. டி.ஆர்.சி.க்கு விளக்கம் விடுபட்டிருந்தாலும் 417 வாய் திறக்காது. ஆகவே தலைப்பும் உள்ளீட்டின் பெயரும் ஆங்கில எழுத்தில், விளக்கம் தமிழில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வரி நீளம். இது தனி விதி, "இ501" என்பது அதன் எண். ரஃப்பில் இயல்பாக இயங்காது. ஆனால் பைகோட்ஸ்டைல், பிளேக்8 போன்ற கருவிகளைப் பயன்படுத்தும் பள்ளிகளில் தொல்லை கொடுக்கும். அவை 79 குறிகளைத் தாண்டினால் எச்சரிக்கும். அவை எண்ணுவது நம் எழுத்தை அல்ல, யுனிகோடு குறிகளை. "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. "கணக்கிடு" நமக்கு ஐந்து, கணினிக்கு எட்டு. இப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 50 எழுத்திலேயே வரி நிரம்பிவிடும். அமைப்பில் நீள வரம்பை 120 என்று உயர்த்திவிடுங்கள். உண்மையான தமிழ் எழுத்தெண்ணிக்கை வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் எழுத்துகளைப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது.

இந்த நான்கிலிருந்தும் தெரிவது இதுதான்: கருவி பேசாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பார்த்துச் சரி என்று கண்டிருக்கலாம். பார்க்கவே தெரியாமலும் இருக்கலாம்.

6. ஜாவா எழுதும் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு

உங்களுக்குப் புதிதாக எதையும் நிறுவ வேண்டிய தேவை இல்லை. ஜாவா 8-இலிருந்து டாக்லின்ட் என்ற சோதனை ஜாவா மேம்பாட்டுத் தொகுப்பிலேயே இருக்கிறது. நிரலைத் தொகுக்கும் "ஜாவாசி" கட்டளையோடு "-எக்ஸ்டாக்லின்ட்" என்பதைச் சேர்த்தால் போதும். சாய்கோடும் இரண்டு உடுக்குறிகளும் போட்டுத் தொடங்கும் விளக்கங்களை அது சோதிக்கும். இரண்டு சாய்கோடு போட்டு எழுதும் சாதாரணக் குறிப்புரையைத் தொடாது. குறிப்பு இல்லாத இடம், "பாரம்" விடுபட்ட உள்ளீடு, "ரிட்டர்ன்" விடுபட்ட வெளியீடு ஆகியவற்றை எச்சரிக்கையாகக் காட்டும். குறிப்பில் உள்ள உள்ளீட்டுப் பெயர் நிரலில் இல்லையென்றால் அதைப் பிழை என்றே சொல்லும். மாறியின் பெயரை மாற்றிவிட்டுக் குறிப்பை மாற்றாமல் விடுவது மாணவர்களிடம் அடிக்கடி நடப்பதால் இது நல்ல உதவி.

தமிழில் குறிப்பு எழுதியிருந்தால் "-என்கோடிங் யுடிஎஃப்-8" என்பதையும் சேருங்கள். 2022-இல் வந்த ஜாவா 18 முதல்தான் அது இயல்பாயிற்று. அதற்கு முந்தைய பதிப்போடு விண்டோஸ் கணினியில் ஓட்டினால் தமிழ் எழுத்துகள் சிதையலாம். இதைவிட விரிவாக விதிகளை அமைக்க விரும்பும் ஆசிரியர்கள் செக்ஸ்டைல் என்ற கருவியைப் பார்க்கலாம். சன் மரபு, கூகல் மரபு இரண்டுக்கும் ஆயத்த அமைப்புக்கோப்பு அதிலேயே உண்டு.

7. கருவிக்குத் தெரியாதது

மறுபடி ரப்பர் நிரலுக்கு வருவோம். ஒரு மாணவர் டி.ஆர்.சி.க்கு இப்படி விளக்கம் எழுதுகிறார்: "உலர் ரப்பர் அளவு, விகிதத்தில். 35 விழுக்காடு என்றால் 0.35 என்று கொடுக்கவும்." வெற்று வரி இருக்கிறது, முற்றுப்புள்ளி இருக்கிறது, இரண்டு உள்ளீடும் பட்டியலில் இருக்கின்றன. ரஃப் ஒரு குறையும் சொல்லாது.

ஆனால் நிரல் உள்ளே 100-ஆல் வகுக்கிறது. குறிப்பை நம்பி ஒருவர் 0.35 கொடுத்தால் 24 கிலோ பாலுக்கு 8.4 கிலோ வர வேண்டிய இடத்தில் 0.084 கிலோ வரும். அதாவது 84 கிராம். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, வெட்டி, பால் சுமந்து வந்தவருக்கு 84 கிராமுக்குக் கூலி. நிரலில் தப்பு இல்லை, குறிப்பின் வடிவத்திலும் தப்பு இல்லை. குறிப்பு பொய் சொல்கிறது. குறிப்பே இல்லாதிருந்தால் அந்த ஆள் நிரலைத் திறந்து பார்த்திருப்பார். அழகாக எழுதிய பொய்க்குறிப்பு அந்தச் சந்தேகத்தையும் எடுத்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. "கணக்கிடு." என்று ஒரே சொல் எழுதிப் புள்ளி வைத்தாலும் 103, 415 இரண்டும் நிறைவாகிவிடும். எதை, எந்த அலகில் என்று ஒன்றும் இல்லை. கருவி வடிவத்தைக் காவல் காக்கும். உண்மையைக் காக்க ஆள்தான் வேண்டும். வடிவத்தைக் கருவியிடம் விட்டுவிட்டால், புள்ளி இல்லை, வரி விடவில்லை என்று சிவப்பு மையால் திருத்தும் நேரம் நமக்கு மிச்சமாகும். அந்த நேரத்தில் அலகு, எல்லை, விதிவிலக்கு இவற்றைப் படித்துப் பார்க்கலாம்.

8. வகுப்பில் நடத்தும் முறை

முதல் வாரம் 103 மட்டும். எல்லாச் செயற்கூறுக்கும் ஒரு வரியாவது இருக்கட்டும். இரண்டாம் வாரம் 205, 300, 415. மூன்றாம் வாரம் 417. இப்படிப் படிப்படியாகச் சேர்க்க "எக்ஸ்டென்ட்-செலக்ட்" வரியில் "டி" என்பதற்குப் பதிலாக அந்தந்த விதி எண்ணை மட்டும் எழுதுங்கள்.

நான்காம் வாரம் கணினியை ஒதுக்கிவிட்டு இணையராக உட்காரச் சொல்லுங்கள. ஒருவர் தம் ஆவணக்குறிப்பை மட்டும் வாசிக்க வேண்டும், நிரலைக் காட்டக் கூடாது. மற்றவர் அதை மட்டும் கேட்டு, 24 கிலோவுக்கு என்ன விடை வரும் என்று தாளில் கணக்கிட வேண்டும். பிறகு நிரலை ஓட்டிப் பாருங்கள். விடை ஒத்துவந்தால் குறிப்பு உண்மை. தேர்வு அறையில் ரஃப் வராது. ஆனால் இந்தப் பழக்கம் கையோடு வரும்.

பயிற்சி

1. ஒரு மாணவர் "உள்ளீடு:" என்ற தலைப்பில் எடைக்கு மட்டும் விளக்கம் எழுதி டி.ஆர்.சி.யை விட்டுவிட்டார். ரஃப் குறை சொல்லுமா? ஏன்?

2. பழைய தோட்டக் கணக்கில் எடை ராத்தலில் இருக்கிறது. ஒரு ராத்தல் ஏறக்குறைய 0.4536 கிலோ. 50 ராத்தல் பாலை அப்படியே 50 என்று நம் செயற்கூறில் கொடுத்தால், டி.ஆர்.சி. 35 எனில், என்ன விடை வரும்? உண்மை விடை என்ன? ஆவணக்குறிப்பின் எந்தச் சொல் இந்தத் தவற்றைத் தடுக்கும்?

3. "உலர் ரப்பரின் எடையைக் கணக்கிடு", "உலர் ரப்பரின் எடையைக் கணக்கிடும்" ஆகிய தொடர்களின் வினைமுற்று வகையைக் கூறுக. எது எந்த நிரல்மொழி மரபுக்குப் பொருந்தும்?

விடைகள்

1. சொல்லாது. தமிழ்த் தலைப்பை அது உள்ளீட்டுப் பட்டியலாக அடையாளம் காணாது.

2. 17.5 கிலோ என்று வரும். 50 ராத்தல் என்பது 22.68 கிலோ, ஆகவே உண்மை விடை ஏறக்குறைய 7.94 கிலோ. "கிலோகிராமில்" என்ற ஒரே சொல்தான் தடுக்கும்.

3. முதலாவது ஏவல் வினைமுற்று, பைத்தானின் பெப் 257 மரபு. இரண்டாவது செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று, படர்க்கை, ஜாவா மரபு. கூகலின் பைத்தான் மரபில் இரண்டுக்கும் இடமுண்டு.